கடனட்டையில் எழும்பும் சுவர்

அம்மா கொழுந்தெடுத்தே எங்களை ஆளாக்கினார். ஹட்டன் பக்கத்தில் அவருக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணியில் இப்போது ஓர் அறை கூடுதலாகக் கட்டுகிறோம். கையில் காணி உறுதி இல்லாதவருக்கு வங்கி வீட்டுக் கடன் தருவதில்லை. ஆசிரியை என்பதால் எனக்குக் கடனட்டை மட்டும் கிடைத்தது.

சீமெந்து, கம்பி, தகரம் எல்லாம் அட்டையில் வாங்கலாம். பில் தொகையை உரிய திகதிக்குள் முழுதாகக் கட்டினால்தான் வட்டியில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வட்டி ஏறும். 2022 பொருளாதார நெருக்கடியில் அது ஆண்டுக்கு 36 வீதம் வரை போனது! வட்டியில்லாத் தவணைத் திட்டத்திலும் சேவைக் கட்டணம் இருக்கலாம். கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

மேசன் பாஸுக்கு நாட்கூலி காசாகத்தான் கொடுக்க வேண்டும். அதற்கென்று அட்டையில் பணம் எடுத்தால் அன்றே வட்டி ஓடும். கூலிக்கு எங்கள் பெண்கள் பிடிக்கும் சீட்டுத்தான் நல்லது. அதில் வட்டியே கிடையாது.

2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி எங்கள் தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். வீட்டோடு உறுதியையும் கையில் கொடுங்கள். வங்கிக் கதவு அதற்குத்தான் திறக்கும்.