காக்கப்பட வேண்டிய கருவிகள்

உயிரினங்களின் மரபுச்செய்தி டி.என்.ஏ. மூலக்கூறில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் அந்நான்கும் மாறி மாறி அமைந்து, மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளாக நீள்கின்றன. இத்துணை நீண்ட தொடரைக் கண்ணால் படித்து ஒப்பிடுதல் இயலாது. அப்பணியைக் கணினியின் துணைகொண்டு செய்யும் துறையே உயிர்த்தகவலியல் ஆகும். நுண்ணுயிரியலுக்கு நுண்ணோக்கி எத்தகையதோ, உயிர்த்தகவலியலுக்கு மென்பொருள் அத்தகையது.

நுண்ணோக்கியைச் செய்து விற்கும் நிறுவனமே அதனைப் பழுதுபார்க்கவும் செய்கிறது. உயிர்த்தகவலியல் மென்பொருள்களில் பலவோ பல்கலைக்கழக ஆய்வகங்களில் உருவாகி, உலகிற்கு விலையின்றி வழங்கப்பட்டவை. அவற்றைத் தொடர்ந்து காப்பவர் யார் என்பது அத்துறையின் முன்னுள்ள பெரும் வினா.

ஒரு மென்பொருளின் வரலாறு

பல உயிரினங்களின் மரபணு அல்லது புரதத் தொடர்களை வரிசைப்படுத்தி, அவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளைக் காட்டும் மென்பொருள் கிளஸ்டல். அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் டெஸ் ஹிக்கின்ஸ், பால் ஷார்ப் ஆகியோர் 1988இல் இதனை வெளியிட்டனர். ஃபோர்ட்ரான் மொழியில் பிறந்த இம்மென்பொருள், 1992இல் சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. 1994இல் கிளஸ்டல் டபிள்யூ வெளிவந்தது. 2007இல் நிரல் மீண்டும் சி++ மொழிக்கு மாற்றப்பட்டது. தொடர்களின் எண்ணிக்கை பெருகியபோது, பல்லாயிரம் தொடர்களை ஒருங்கே கையாளும் கிளஸ்டல் ஒமேகா 2011இல் உருவானது. கிளஸ்டல் டபிள்யூ பற்றிய கட்டுரை, அறிவியல் உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் வரிசையில் 10ஆம் இடம் பெற்றதாக 2014இல் நேச்சர் இதழ் தெரிவித்தது. இப்புகழுக்குப் பின்னால் பல்லாண்டுப் பராமரிப்பு இருந்தது. எல்லா மென்பொருள்களுக்கும் அந்நல்வாய்ப்பு அமைவதில்லை.

பழுதடைவது ஏன்?

எழுதிய நிரல் துருப்பிடிப்பதில்லை; தேய்வதும் இல்லை. ஆனால், அதனைச் சூழ்ந்துள்ளவை மாறுகின்றன. இயங்குதளம் புதுப்பிக்கப்படுகிறது. நிரல் சார்ந்திருக்கும் பிற மென்பொருள்கள் திருத்தப்படுகின்றன. கணினி மொழியே மாறுவதும் உண்டு. பைத்தான் மொழியின் 2ஆம் பதிப்பிற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவுற்றது. அப்பதிப்பில் எழுதப்பட்ட நிரல்களைத் திருத்தி எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. திருத்த ஆளில்லாதவை பயனற்றுப் போகும் நிலைக்கு ஆளாயின.

ஆளில்லாமை தற்செயலாக நேர்வதன்று. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் தம் ஆய்வுக்காக மென்பொருளை எழுதுகிறார். பட்டம் பெற்றதும் வேறு பணிக்குச் செல்கிறார். நிரலின் நுட்பமும் அவருடனே போய்விடுகிறது. ஆய்வு நல்கை பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கே கிடைக்கிறது. அதுவும் புதியன கண்டறிவதற்கே. புதிய மென்பொருளை உருவாக்கினால் கட்டுரை வெளியிடலாம். பழையதன் பிழையைத் திருத்துவோருக்கு அத்தகைய சிறப்பு அரிது. குளம் வெட்டியவர் பெயர் கல்லில் நிற்கும். ஆண்டுதோறும் தூர்வாரியவர் பெயர் நிற்பதில்லை.

பிழையின் விலை

இயங்காத மென்பொருளைவிடப் பிழையாக இயங்கும் மென்பொருள் தீங்கு மிக்கது. பாக்டீரியச் சவ்வுப் புரதங்களின் முப்பரிமாண வடிவங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வகம் ஒன்று, வேறோர் ஆய்வகத்திலிருந்து வந்த நிரலைப் பயன்படுத்தியது. அந்நிரல் தரவின் இரு நிரல்வரிசைகளை இடம்மாற்றிவிட்டதால், புரத வடிவம் தவறாகக் கணிக்கப்பட்டது. பிற ஆய்வாளர்கள் கண்ட வடிவத்தோடு அது முரண்பட்டபோது பிழை வெளிப்பட்டது. 2006இல் அது தெரியவந்தபின் 5 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை நம்பி நடந்த பிற ஆய்வுகளின் உழைப்பும் வீணாயிற்று. பெற்ற நிரலைச் சோதித்துக் காப்பவர் இல்லையெனில், அறிவியலின் நம்பகத்தன்மையே குலையும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

காக்கும் வழிகள்

மூலநிரலை அனைவரும் காண வெளியிடுதல், பயன்படுத்தும் முறையை எழுதி வைத்தல், தெரிந்த விடையைக் கொண்டு நிரலை அடிக்கடி சோதித்தல், பராமரிப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளுதல் ஆகியன அடிப்படை வழிகள். 2001இல் தொடங்கப்பட்ட பயோகண்டக்டர் என்னும் கூட்டுமுயற்சி இவ்வழியில் நடக்கிறது. அதில் இடம்பெறும் மென்பொருள் தொகுப்புகள் இடையறாது சோதிக்கப்படுகின்றன. ஆண்டிற்கு இருமுறை புதிய பதிப்பு வெளியிடப்படுகிறது. பராமரிக்கப்படாதவை முன்னறிவிப்புடன் நீக்கப்படுகின்றன. அறிவியல் மென்பொருள்களின் பராமரிப்புக்கெனவே நிதி வழங்கும் திட்டம் ஒன்றினைச் சான் சக்கர்பெர்க் அறக்கட்டளை 2019இல் தொடங்கியது.

இவை போதிய அளவில் வளர வேண்டுமாயின், நிரலைக் காக்கும் பணியும் ஆய்வுப்பணியாகவே மதிக்கப்பட வேண்டும். இன்று கண்டறியப்படும் முடிவை இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் மீண்டும் சரிபார்க்க இயல வேண்டும். அதற்கு அன்றும் அந்நிரல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.