பேராண்டி கேட்கும் கணக்கு

ராப் எனப்படும் சொல்லிசை நம்மவர் இல்லங்களில் புகுந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மாதாப்பூரிலும் அதனை அடுத்த குடியிருப்புகளிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள், காதில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்பது அன்றாடக் காட்சி. அவர்கள் கேட்பது யாது என வினவினால், "ஏதோ கத்துகிறார்கள்" எனக் கூறி அப்பால் செல்லும் பெரியோரே நம்மிடையே மிகுதி. அக்கத்தலினுள்ளே ஒரு வழக்கு நடைபெறுகின்றது. வாதியும் உளர், பிரதிவாதியும் உளர், சாட்சிகளும் உளர். நாமும் அவ்வழக்கில் ஒரு தரப்பினர் என்பதே நாம் இங்குச் சொல்ல விழைவது.

தமிழில் சொல்லிசை முதன்முதல் ஓங்கி ஒலித்தது மலேசிய மண்ணில் எனலாம். 2006-ஆம் ஆண்டில் யோகி பி குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' என்னும் தொகுப்பு தமிழகத்து இளைஞரையும் ஈர்த்தது. தமிழகத்தில் அக்கலை வேறொரு திருப்பம் கொண்டது 2017-ஆம் ஆண்டில். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் அவர்கள், இசையமைப்பாளர் தென்மாவுடன் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழுவைச் சென்னையில் தோற்றுவித்தார். சாதியற்றோர் கூட்டு என்பது அதன் பொருள். தம் மக்கள் தம்மைச் சாதியற்ற தமிழர் எனப் பதிந்துகொள்ள வேண்டும் என்று முன்னமே வற்புறுத்திய பண்டிதர் அயோத்திதாசரின் கருத்திலிருந்து எழுந்த பெயர் அது. கானாவும் பறையும் சொல்லிசையும் அங்கு ஒரே மேடையில் அமர்ந்தன. அக்குழுவில் முன்னணியில் நின்ற இளைஞருள் ஒருவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. பொறியியல் கற்றவர். நம் ஊரின் கண்ணாடி மாளிகைகளுள் ஒன்றில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கவேண்டியவர், பாட்டெழுத வந்துவிட்டார்.

அவர் ஓஃப்ரோ என்னும் இசையமைப்பாளருடன் இணைந்து 2019-இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'தெருக்குரல்'. அப்பெயரிலேயே ஓர் அறைகூவல் பொதிந்துள்ளது. நம் இல்லங்களில் சுவரில் மாட்டி வைத்துப் போற்றும் நூலின் பெயரோடு ஓரெழுத்தும் ஈரெழுத்துமாகவே அது வேறுபடுகின்றது. குறளை மனப்பாடம் செய்த நாம் தெருவின் குரலைக் கேட்டோமா என்பது அதன் உட்கிடை. தமிழ்நாட்டு ஊர்களில் 'தெரு' என்னும் சொல் வெறும் சாலையைக் குறிப்பதன்று என்பதை வாசகர் அறிவர். எந்தத் தெரு என்று கேட்பது எந்தச் சாதி என்று கேட்பதன் நாகரிக வடிவம். ஆதலால் தெருக்குரல் என்பது, அவ்வினாவுக்கு உள்ளானவர் திருப்பிக் கேட்கும் வினாவாகும்.

அத்தொகுப்பில் 'ஸ்னோலின்' என்றொரு பாடல் உண்டு. 2018 மே 22-ஆம் நாள், தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டம் நூறாவது நாளை எட்டியபோது காவல்துறையினர் சுட்டனர். அன்றும் மறுநாளுமாக நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் உயிரிழந்தனர். அவருள் ஓர் இளம்பெண்ணின் பெயரே பாடலின் பெயர். பலர் மாண்ட நிகழ்ச்சியை எண்ணிக்கையால் சொன்னால் அது செய்தி. ஒருத்தியின் பெயரால் சொன்னால் அதற்கு எவரேனும் விடையிறுத்தே தீரவேண்டும். அரசு அமைத்த நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் மீதும் மாவட்ட நிருவாகத்தின் மீதும் அது குறை கண்டது. பாடலோ அதற்கு மூன்றாண்டுகள் முந்தியே வெளிவந்துவிட்டது. ஆணையம் விசாரித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அப்பெயரை மறக்கவிடாமல் காத்த பணி பாட்டினுடையது.

அதே தொகுப்பில் 'ஆன்டி இந்தியன்' என்னும் பாடலும் உளது. வினா எழுப்புவோரை நாட்டுக்குப் பகைவர் என முத்திரை குத்தும் வழக்கத்தை எதிர்ப்பது அது. அதனை விரித்துரைக்க இங்கு இடமில்லை. கணக்குக் கேட்பவனையே குற்றவாளி ஆக்குவது பழைய தந்திரம் என்பது மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனிப் புண் ஆறுதல் என்னும் பொருளுக்கு வருவோம். நம் மொழியில் 'ஆறுதல்' என்பது இரு பொருள் தரும் சொல். புண் ஆறுதலும் ஆறுதலே. துக்க வீட்டில் நாலு நல்ல வார்த்தை கூறுவதும் ஆறுதலே. இரண்டும் ஒன்றென்று எண்ணிவிட்டதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. 'விடுங்கள், நடந்தது நடந்துவிட்டது' எனச் சொல்லிவிட்டுப் புண்ணை மூடுகின்றோம். உள்ளே சீழ் வைக்கின்றது.

நம் ஒப்பாரிப் பாட்டு இதனை நன்கு உணர்ந்த கலை. சாவு வீட்டில் கூடி அழும் பெண்டிர் இறந்தவரின் பெருமையை மட்டுமா பாடுகின்றனர்? சீர் செய்ய மறந்த அண்ணனும், கஞ்சி ஊற்றாத நாத்தனாரும், காலத்தில் வராத மருத்துவனும், கண் திறவாத தெய்வமும் அங்கே கூண்டில் ஏற்றப்படுவர். பிறிதெந்த நாளிலும் வாய் திறக்க இயலாதவள் அன்று பாட்டின் வழியே எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பாள். கேட்போர் தலை குனிந்து கேட்பர். எதிர்வாதம் செய்வது வழக்கமன்று. அவள் நெஞ்சு சற்றே ஆறுவது அழுததனால் மட்டுமன்று. இன்னார் இது செய்தார் என்று ஊரறியச் சொன்னதனாலுமாம். அறிவின் சொல்லிசையில் ஒப்பாரியின் சாயல் அடிக்கடி தென்படுவது தற்செயலன்று.

2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'எஞ்சாயி எஞ்சாமி'யை வாசகர் பலர் கேட்டிருப்பர். நம் வீட்டுக் குழந்தைகள் அதற்கு ஆடியும் இருப்பர். சந்தோஷ் நாராயணன் அவர்களின் இசையில் தீயும் அறிவும் பாடியது. துள்ளலான அம்மெட்டின் அடியில் ஒரு மூதாட்டியின் வாழ்வு கிடக்கின்றது. அவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் வந்து சேர்ந்தவர். மரம் வைத்தவர், மண்ணைப் பண்படுத்தியவர். ஆயினும் ஒரு பிடி மண் தமக்கென இல்லாதவர்.

அவர் ஒருவர் கதையன்று அது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழருள் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லாராயினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டிற் கையெழுத்திட்டனர். அதன்படி 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து, 1974-இல், இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கு பிரிக்கப்பட்ட மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று தலைமுறை தேயிலை பறித்த கைகள் தாயகம் வந்து இறங்கியபோது அவர்கட்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்' என்பது. நீலகிரியில் மீண்டும் தேயிலையே பறித்தோர் அவருட் பலர். இக்கணக்கை எந்த நீதிமன்றில் தொடுப்பது? பேரன் பாட்டில் தொடுத்தான். 2024-இல் அறிவு தம் அடுத்த தொகுப்புக்கு இட்ட பெயரே 'வள்ளியம்மா பேராண்டி' என்பது.

அப்பாடலின் பெருமையைப் பங்கிடுவதிலேயே பிணக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாதது கண்டு பலர் குரல் எழுப்பினர். பின்னர் அவ்விதழ் அவர் படத்துடன் தனியே ஓர் இணைய அட்டை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி அப்பாடல் ஒலித்தபோது பிணக்கு மீண்டும் எழுந்தது. ஆக்கியோர் தத்தம் தரப்பைப் பொதுவில் உரைத்தனர். நாம் தீர்ப்புக் கூற முற்படோம். எனினும், உழைத்தவளின் பெயர் விடுபட்டதைப் பாடிய பாட்டு, பெயர் பற்றிய வழக்கிலே சிக்கியதைக் காணாதிருக்க முடியவில்லை.

நம் பிள்ளைகள் பெரிதும் கேட்கும் அமெரிக்கச் சொல்லிசையாளருள் தலையாயவர் கென்ட்ரிக் லாமார். 1987-இல் பிறந்தவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய காம்ப்டன் ஊரினர். 2018-இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்கும் அப்பால் அப்பரிசு சென்றது அதுவே முதன்முறை. அவர் 2022 மே 13-இல் வெளியிட்ட 'மிஸ்டர் மொரால் அண்ட் த பிக் ஸ்டெப்பர்ஸ்' என்னும் தொகுப்பு ஒன்பது ஒன்பதாகப் பதினெட்டுப் பாடல்கள் கொண்டது. அங்கும் வழக்குத்தான், ஆனால் கூண்டில் நிற்பவர் பாடகரே. தாம் மணக்க இருந்த பெண்ணுக்குச் செய்த துரோகம், அன்பைக் காட்ட அறியாத தந்தையிடம் கற்ற முரட்டுத்தனம், உறவினருள் பால் மாறி வாழ்வோரை இளவயதில் இழிசொல்லால் கேலி செய்தது ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கின்றார்.

அவற்றுள் 'மதர் ஐ சோபர்' என்னும் பாடல் நெஞ்சைப் பிழிவது. ஐந்து வயதில் தாய் அடிபட்டதைத் தடுக்க இயலாத குற்றவுணர்வும், உறவினன் தன்னைக் கெடுத்தானா என்று பெரியோர் மீண்டும் மீண்டும் கேட்டு, இல்லை என்ற சொல்லை நம்ப மறுத்ததும் அதில் வருகின்றன. அவர்கள் ஏன் நம்பவில்லை? தாய்க்கு முன்னொரு நாளில் அக்கொடுமை நேர்ந்திருந்தது. அவள் அச்சம் மகனிடம் இறங்கிற்று. அதற்கும் முன்னே, அடிமை வாணிபம் தொடங்கிய நாள்முதல், அவ்வச்சம் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. பாட்டின் முடிவில் பாடகர் தம்மையும் தாயையும் பிள்ளைகளையும் அத்தளையினின்று விடுவிக்கின்றார். கொடுமை செய்தோரையுங்கூட விடுவிக்கின்றார். ஒப்புக்கொண்ட பின்னரே விடுதலை வருகின்றது என்பதைக் குறித்துக்கொள்க.

இத்தொகுப்பைக் குறை கூறியோரும் உளர். பெண்ணொருத்திக்குத் தீங்கிழைத்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட வேறொரு பாடகருக்கு அதிலேயே இடம் தந்தது ஏன் என்று கேட்டனர். முறையான கேள்வி எனவே நாம் கருதுகின்றோம். தன் புண் ஆறியது பற்றிப் பாடுவோன், பிறர் புண்ணின் மேல் நின்று பாடுகின்றானா என்பதையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

லாமார் தம்மை விசாரிக்கின்றார். அறிவு ஊரை விசாரிக்கின்றார். இரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதிற் பயனில்லை. அடிபட்டவனிடம் முதலில் உன்னைத் திருத்திக்கொள் என்பது கொடுமை. ஆதலால் அறிவு ஊரை விசாரிப்பதே முறை. ஊராகிய நாம் என்ன செய்வது? நாம் கேட்கவேண்டியது லாமாரின் பாடம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் சிலம்பு உடைந்த நொடியில் ஆணையம் அமைக்கவில்லை. அமைச்சர் மேல் பழி போடவில்லை. தானே கள்வன் என்று சொல்லி உயிர் விட்டான். ஆனாலும் மதுரை எரிந்தது. காலங் கடந்து ஒப்புக்கொண்ட குற்றம் ஊரைக் காப்பாற்றவில்லை.

ஐதராபாத் இவ்வகைப் பாட்டுக்குப் புதிய ஊரன்று. தோளில் கம்பளியும் காலில் சலங்கையுமாய் ஆடிப் பாடிய கத்தர், 1997 ஏப்ரலில் சுடப்பட்டு, அகற்ற இயலாத ஒரு குண்டை உடலில் தாங்கியபடியே 2023 ஆகஸ்டு 6-இல் மறையும் வரை இந்நகரில் வாழ்ந்தார். நம் தெலுங்கு அண்டை வீட்டாருக்குத் தெருக்குரல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விளக்கம் தேவைப்படுவது நமக்கே.

ஊரை விட்டு வந்தவர் நாம். 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது முதல் இங்குக் குடியேறிய நம்மவர், ஊரில் விட்டு வந்தவை பல என்று அடிக்கடி வருந்துவது உண்டு. விட்டு வராதவை எவை என்று எண்ணினோமா? மணமகள் தேவை விளம்பரத்தில் உட்பிரிவு வரை எழுதுகின்றோம். புதிதாக வந்த குடும்பத்தாரிடம் 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று கேட்டு, விடை வந்தபின் குரலை மாற்றிக்கொள்கின்றோம். பிள்ளைகளைக் கடியும்போது சாதிப் பெயரை வசைச் சொல்லாக வழங்குகின்றோம். இளவயதில் இழிசொல் வழங்கினேன் என்று லாமார் நாணியது இதனையே ஒத்த ஒன்றுக்குத்தான். இதே வீட்டில் பதினான்கு வயதுப் பிள்ளை தெருக்குரலைக் கேட்டுவிட்டு, "தாத்தா, நம்ம ஊர் டீக்கடையில ரெண்டு கிளாஸ் இருந்துச்சா? நீங்க எதுல குடிச்சீங்க?" என்று கேட்கின்றது. தாத்தா செய்தித்தாளைப் புரட்டுகின்றார். தந்தை "அதெல்லாம் அந்தக் காலம்" என்கின்றார். நாம் கேட்டுப் பார்த்தவரையில் விடை இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கின்றது. இருந்தது, நான் நல்ல குவளையிற் குடித்தேன், அப்போது அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை என்று ஒரு பெரியவர் சொல்வாராயின், அப்பிள்ளை அவரை வெறுக்கும் என்று நாம் எண்ணவில்லை.

கேட்க விழைவோர் 'எஞ்சாயி எஞ்சாமி'யில் தொடங்குக. மெட்டு பழகியதாதலின் சொல்லில் மனம் செல்லும். பின் 'தெருக்குரல்' முழுவதையும் வரிசை மாறாது கேட்க. முதன்முறை சொற்கள் ஓடிவிடும். இரண்டாம் முறை பிடிபடும். லாமாரின் தொகுப்பில் வசைச் சொற்கள் மிகுதி. 'வீ க்ரை டுகெதர்' என்னும் பாடல் ஓர் இணையரின் சண்டையை அப்படியே நடித்துக் காட்டுவது. அதனைச் சிறுவர் முன் வைத்தல் ஆகாது. பெற்றோர் முதலில் தாம் கேட்டு, 'மதர் ஐ சோபர்', 'ஃபாதர் டைம்' ஆகிய இரண்டை மட்டும் வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து கேட்கலாம். ஒலிக்கருவியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்பது நலம். பாட்டியும் தாத்தாவும் உடனிருந்தால் இன்னும் நலம்.