பாட்டன் பிறந்த ஊர்

அயர்லாந்துத் தீவில் இன்று வாழ்வோர் ஏறத்தாழ 70 லட்சம் பேர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2020-ஆம் ஆண்டு எடுத்த மக்கள் தொகைக் கணக்கிலோ, தம் முன்னோர் ஐரிஷ்காரர் என்று எழுதிக் கொடுத்தவர்கள் 3 கோடியே 86 லட்சம் பேர். இவருள் பலர் அதனுடன் வேறு மரபுகளையும் சேர்த்து எழுதியவர்களே. கானடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் உள்ள ஐரிஷ் வழித்தோன்றல்கள் இக்கணக்கில் அடங்கார். தாயகத்தில் ஒருவர் இருக்க, ஒரே ஓர் அயல்நாட்டில் மட்டும் ஐவருக்கு மேற்பட்டவர் அந்த மண்ணை உறவு கொண்டாடுகின்றனர். உறவு கொண்டாடுவது எளிது. சான்று காட்டி நிலைநாட்டுவது எளிதன்று. அது ஏன் என்பதை நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

1841-ஆம் ஆண்டில் அத்தீவின் ஜனத்தொகை 81 லட்சத்துக்கு மேல் இருந்தது. ஏழை மக்களின் உணவு பெரும்பாலும் உருளைக்கிழங்கே. 1845-இல் அப்பயிரை ஒரு நோய் பற்றியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் அழுகியது. 1852 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். கப்பலேறி அகன்றவர் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். பஞ்சம் தீர்ந்த பின்னரும் வெளியேற்றம் நிற்கவில்லை. போனவருள் எழுத்தறியாதார் பலர். ஐரிஷ் மொழி மட்டுமே பேசத் தெரிந்தவரும் உண்டு. அவர்கள் தம் மக்களுக்கு விட்டுச் சென்றது ஒரு குடும்பப் பெயரும், 'கார்க்' என்றோ 'மேயோ' என்றோ ஒரு மாவட்டத்தின் பெயருமே. சில குடும்பங்களில் அதுவும் இல்லை.

இனி, சட்டம் யாரை ஐரிஷ்காரர் என்று ஏற்கிறது என்பதைப் பார்ப்போம். 1956-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, அயர்லாந்தில் பிறந்த குடிமகனின் பிள்ளை உலகின் எப்பகுதியில் பிறந்தாலும் ஐரிஷ் பிரஜையே. பேரப்பிள்ளையாயின், அயல்நாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்த நாள் முதல் அவரும் பிரஜை ஆவார். பாட்டன் அல்லது பாட்டியின் பிறப்புப் பத்திரம், அவர்தம் மணப் பத்திரம், பெற்றோரின் பத்திரங்கள், தம்முடைய பத்திரம் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் காட்ட வேண்டும். கொள்ளுப்பேரனுக்கோ, அவன் பிறக்குமுன்னரே அவனுடைய தந்தையோ தாயோ பதிந்திருந்தாலன்றி உரிமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுவதென 2016-இல் பிரிட்டிஷ் வாக்காளர் முடிவு செய்த பின், அங்கிருந்து ஐரிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தவர் தொகை பெருகியது. மறந்திருந்த பாட்டியை அப்பொழுது நினைவுகூர்ந்தவர் பலர்!

பஞ்ச காலத்தில் போனவரின் வழியினர் இன்று ஐந்தாறு தலைமுறை தள்ளி நிற்கின்றனர். அவர்களுக்கு இச்சட்டம் உதவாது. ஆயினும் அயர்லாந்து அவர்களை அடியோடு கைவிட்டதாகவும் சொல்ல இயலாது. 1998-இல் மக்கள் வாக்களித்துத் திருத்திய அரசியலமைப்பின் இரண்டாம் விதி, ஐரிஷ் மரபும் பண்பாடும் உடையோராய் அயல்நாடுகளில் வாழ்வோரிடம் அந்நாடு தனிப்பாசம் கொண்டுள்ளது என்று கூறுகிறது. 2011-இல் அரசாங்கம் 'ஐரிஷ் மரபுச் சான்றிதழ்' ஒன்றையும் வழங்கத் தொடங்கியது. கட்டணம் செலுத்தி, முன்னோர் பற்றிய ஆதாரம் காட்டுவோர்க்கு அழகிய பத்திரம் கிடைக்கும். சட்ட உரிமை ஏதும் கிடையாது. கோடிக்கணக்கானவர் உறவு கொண்டாடும் நாட்டின் சான்றிதழை வாங்கியவர் ஏறத்தாழ 3,000 பேரே. 2015-இல் திட்டம் கைவிடப்பட்டது. வியப்பதற்கில்லை. அந்த மக்கள் தேடியது சுவரில் மாட்டும் பத்திரத்தை அன்று. பாட்டன் பிறந்த ஊரை.

அந்த ஊரைக் காட்டக்கூடிய ஏடுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டபொழுது, டப்ளின் நகரின் நீதிமன்ற வளாகத்தில் அமைந்திருந்த பொது ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30 அன்று வெடித்து எரிந்தது. எழுநூறு ஆண்டுச் சரித்திரம் சாம்பலாகி, எரிந்த காகிதத் துண்டுகள் நகரின் மீது பறந்து விழுந்தன. 1821 முதல் 1851 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள் தொகைக் கணக்குகள், சில துண்டுகள் நீங்கலாக, அன்று அழிந்தன. அயர்லாந்துத் திருச்சபை எனப்படும் புராட்டஸ்டண்டு சபையின் பதிவேடுகளிற் பாதிக்கு மேல் அவற்றோடு போயின. நெருப்பின்மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமாகாது. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகளை முதல் உலகப் போர்க் காலத்துக் காகிதப் பஞ்சத்தில் கூழாக்கிவிட்டார்கள். முழுமையாக எஞ்சியவற்றுள் மிகப் பழையன 1901, 1911 ஆகிய இரண்டே.

இவ்வழிவினூடே தப்பிய ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1908-இல் முதியோர் உதவிச் சம்பளச் சட்டம் வந்தது. எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைக்கும். ஆனால் வயதுக்கு ஆதாரம்? அயர்லாந்தில் எல்லாச் சமயத்தாரின் பிறப்புகளையும் அரசாங்கம் பதியத் தொடங்கியது 1864-இல்தான். ஆகவே கிழவரும் கிழவியரும் தம் பெற்றோர் பெயரையும் குடியிருந்த ஊரையும் சொல்லி, 1841 அல்லது 1851 கணக்கில் தம் பெயரைத் தேடித் தருமாறு மனுச் செய்தனர். குமாஸ்தாக்கள் தேடி, கண்டதை அம்மனுக்களிலேயே குறித்து வைத்தனர். மூல ஏடுகள் எரிந்துபோயின, மனுக்கள் பிழைத்தன. ஐந்து ஷில்லிங்குக்காகத் தன் வயதை மெய்ப்பிக்க முயன்ற ஒரு மூதாட்டியின் தாள், இன்று பாஸ்டனில் உள்ள ஒருவருக்கு அவர்தம் கொள்ளுப்பாட்டனின் வீட்டில் 1851-இல் யார் யார் இருந்தனர் என்று சொல்கிறது.

கத்தோலிக்கரின் ஞானஸ்நான, மணப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குக் கோயிலிலேயே இருந்தமையால் தீயினின்று தப்பின. தேசிய நூலகத்தார் 1950-களில் தொடங்கி அவற்றை நுண்படம் எடுத்தனர். 2015 முதல் எவரும் வீட்டிலிருந்தபடியே கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். இவையன்றி, ரிச்சர்டு கிரிஃபித் என்பவர் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரை நடந்த நில, வீட்டு மதிப்பீடும் உண்டு. எந்த நிலத்தை யார் அனுபவித்தார் என்று அதில் காணலாம். பிறர் நிலத்தில் ஒண்டிக் குடியிருந்த கூலியாட்களின் பெயர்களைப் பெரும்பாலும் அதில் காண முடியாது. பஞ்சம் முதலில் விழுங்கியது அவர்களைத்தான்.

இவ்வேடுகளில் நுழைவதற்குத் திறவுகோல் ஊர்ப்பெயர். அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவுக்கு 'டவுன்லாண்டு' என்று பெயர். நகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வயலும் சில வீடுகளும் கொண்ட குக்கிராமம் என்று கொள்ளலாம். அத்தகையவை நாட்டில் ஏறத்தாழ 61,000 உண்டு. வந்தவர் 'மர்ஃபி, கார்க் மாவட்டம்' என்று மட்டும் சொன்னால் நூலகத்தார் என்ன செய்ய முடியும்? அப்பெயருடையார் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தனர். மேலும், முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடுவது அவர்கள் வழக்கம். 'பெயரன்' என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது புதிதன்று. ஆனால் தேடுவோர்க்கு, ஒரே ஊரில் ஒரே பெயருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஐவர் எதிர்ப்படுவர். குடும்பப் பெயரின் முன் நிற்கும் 'ஓ' என்பது வழித்தோன்றலையும், 'மக்' என்பது மகனையும் குறிப்பன. ஆங்கில ஆட்சியில் இவற்றைப் பலர் கைவிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் மீண்டும் சூடிக்கொண்டனர்.

தவறான பாட்டியைக் கொண்டாடுவதும் நிகழக் கூடும். நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டபொழுது, முதலாவதாகக் கால் வைத்தவள் ஆனி மூர் என்னும் கார்க் மாவட்டத்துப் பெண். தம்பியர் இருவருடன் வந்த அவளுக்குப் பத்து டாலர் பொற்காசு பரிசளித்தனர். பின்னர் அவள் டெக்ஸாஸ் சென்று, 1923-இல் டிராம் வண்டி மோதி இறந்தாள் என்று பல்லாண்டுகளாக எழுதிவந்தனர். டெக்ஸாஸ் குடும்பத்தாரும் அதை உண்மையென்றே நம்பி விழாக்களில் கலந்துகொண்டனர். மேகன் ஸ்மோலெனியாக் என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் ஏடுகளைப் புரட்டியபொழுது, அந்த அம்மையார் அமெரிக்காவிலேயே, இலினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்று தெரிந்தது. மெய்யான ஆனி மூர் நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை என்பது 2006-இல் வெளியாயிற்று. கீழ்க் கிழக்குப் பகுதியின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்து, ஜெர்மன் மரபினர் ஒருவரை மணந்து, பெற்ற பிள்ளைகளிற் பலரைச் சிறு வயதிலேயே இழந்து, 1924-இல் மறைந்தார். கல்லறைக்குக் கல்லும் நடப்படவில்லை. 2008-இல்தான் அயர்லாந்துக் கல் ஒன்றில் அவர் பெயர் செதுக்கி நிறுத்தப்பட்டது.

தோலின் நிறமும் குடும்பப் பெயரும் இதில் வழிகாட்டா. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் தாய்வழி முன்னோர் ஒருவர் கிளேர் மாவட்டத்து என்னிஸ் நகரத்தவர்; 2009-இல் அலி அவ்வூருக்குச் சென்றார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒபாமாவின் தாய்வழி முன்னோர் 1850-இல் மணிகால் என்ற சிற்றூரினின்று புறப்பட்டவர். அவரும் 2011-இல் அங்கே சென்று வந்தார்.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. அன்னி பெஸன்ட் அம்மையார் 1847-இல் லண்டனில் பிறந்தவர். ஆயினும் தம் உடலில் ஓடும் இரத்தத்தில் முக்காற்பங்கு ஐரிஷ் இரத்தம் என்று தம் சுயசரிதையில் பெருமையோடு எழுதினார். 1916-இல் அவர் இங்கே தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தின் பெயரும் அயர்லாந்தின் கோரிக்கையினின்று எடுத்ததே. பெயர் பெறாத வேறு சிலரும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்த ஐரிஷ் சிப்பாய்களுள் சிலர் இங்கேயே மணம் செய்து தங்கினர். இங்குள்ள கோயில்களில் எழுதப்பட்ட ஞானஸ்நான, மண, அடக்கக் குறிப்புகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஆகவே, அத்தகைய சிப்பாய் ஒருவன் சென்னையில் மணந்த நாள் அவன் வழிவந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்துக்குக் கிடைத்துவிடக் கூடும். அவன் புராட்டஸ்டண்டாக இருந்தால், அயர்லாந்தில் அவன் பிறந்த குறிப்பு 1922-இல் எரிந்தவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.