சிறு தொழிலுக்குப் பிரதேச சபை என்ன செய்யலாம்?

நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சியாண்மை என உற்பத்திக் காரணிகள் நான்கு என்று வகுப்பில் படிக்கிறோம். எங்கள் தெருவில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு இடியப்பம் அவித்து விற்கும் பெண்களிடம் உழைப்புக்கும் முயற்சிக்கும் குறைவில்லை. அவர்களிடம் இல்லாதவை இரண்டு: விற்பதற்கு ஒழுங்கான ஓர் இடம், கையில் கொஞ்சம் முதல். இவ்விரண்டிலும் உதவக்கூடிய, மக்களுக்கு மிக அருகிலுள்ள அரச நிறுவனம் உள்ளூராட்சி மன்றமாகும்.

இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என மூவகையாக 341 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை பிரதேச சபைகள். அவை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பொதுச் சுகாதாரம், வீதிகள், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் ஆகியவற்றுடன் மக்களின் வசதியையும் நலனையும் மேம்படுத்துவதும் பிரதேச சபையின் கடமை என அச்சட்டம் கூறுகிறது. சிறு தொழிலுக்கான உதவி இந்த ‘நலன்’ என்ற சொல்லுக்குள் அடங்கும்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றென்றே பலர் நினைக்கின்றனர். சபை நாம் வாக்களித்துத் தெரிவுசெய்யும் மன்றம். செயலகமோ மத்திய அரசின் நிருவாக அலுவலகம். சமுர்த்தியும் சிறு தொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் செயலகத்தைச் சார்ந்தவை. இந்த வேறுபாடு பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. என் சாச்சி தொதலும் மஸ்கட்டும் செய்து விற்பவர். டவுனில் உள்ள ஒரு கடை அவற்றை வாங்க விரும்பியது, ஆனால் பதிவுப் பத்திரங்களைக் கேட்டது. வியாபாரப் பெயரைப் பதிவது செயலகத்தில். வியாபார உரிமம் பெறுவது சபையில். சமையல் இடத்தைப் பார்வையிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருப்பதோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில். மூன்று இடங்களுக்கும் அலைந்து, ஒவ்வோர் இடத்திலும் “முதலில் அங்கே போங்கள்” என்ற பதிலைக் கேட்டு, கடைசியில் சாச்சி அந்த எண்ணத்தையே விட்டுவிட்டார். “காசு தரச் சொல்லி நான் கேக்கல்ல மகள். எந்தக் கந்தோருக்கு முதல்ல போறதெண்டு ஒரு ஆள் சொன்னாப் போதும்” என்றார்.

சபை ஏன் பெரிய நிதியுதவி வழங்குவதில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆதன வரி, சந்தைக் கடை வாடகை, உரிமக் கட்டணம், மாகாண சபையூடாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்பவை அதன் முக்கிய வருமானங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாதாரணக் கடையொன்றின் வருடாந்த உரிமக் கட்டணம் 1,000 ரூபாயைத் தாண்ட முடியாது. உரிமம் தேவைப்படாத தொழில்களுக்கு வருமானத்தின் அடிப்படையில் விதிக்கப்படும் வரியின் உச்சம் 3,000 ரூபாய். முன்னைய ஆண்டில் 150,000 ரூபாயைத் தாண்டிய வருமானம் பெற்ற எவருக்கும் அதே தொகைதான். ஆகவே ஆண்டுக்கு இரண்டு இலட்சம் பெறுபவரும் இரண்டு கோடி பெறுபவரும் ஒரே வரியைச் செலுத்துகின்றனர். ரூபாயின் பெறுமதி எவ்வளவோ குறைந்துவிட்டது. சட்டத்தின் எண்கள் அப்படியே நிற்கின்றன. குப்பை அகற்றி, தெருவிளக்குப் போட்டு, வடிகான் திருத்திய பின் சபையின் கையில் மிஞ்சுவது சொற்பமே.

அந்தச் சொற்பத்தை எப்படிச் செலவிடுவது என்பதே கேள்வி. பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுப்பது எளிது. ஆனால் தைத்த உடுப்பை விற்க வழியில்லாவிட்டால் அந்த இயந்திரம் வீட்டு மூலையில் தூசி பிடிக்கும். மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் நாடறிந்தவை. அவ்வூர் கல்முனை மாநகர சபைக்குள் அடங்குகிறது. அத்தகைய ஊர்களில் திறமை ஏற்கெனவே இருக்கிறது. தேவைப்படுவது வாங்குபவரைச் சந்திக்கும் இடம். எனவே வாராந்தச் சந்தையில் வீட்டுத் தொழில் செய்யும் பெண்களுக்கெனக் குறைந்த வாடகையில் நான்கு கடைகளை ஒதுக்குவது, நாற்பது இயந்திரங்களைவிடப் பயன்தரும் என்பது என் கருத்து. வட்டிக்குக் கடன் எடுக்க விரும்பாத எமது சமூகப் பெண்களுக்கும் இது பொருத்தமானது. சபைக் கட்டடத்தில் வாரத்தில் ஒரு நாள் மூன்று அலுவலகங்களின் உத்தியோகத்தர்களும் ஒன்றாக அமர்ந்தால், சாச்சியைப் போன்றவர்களின் அலைச்சல் ஒரே நாளில் தீரும். இதற்குச் செலவாவது ஒரு மேசையும் சில கதிரைகளும்தான்.

இவற்றைக் கேட்பதற்கும் காலம் உண்டு. ஒவ்வொரு சபையும் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தை இவ்வருடம் முடியுமுன் நிறைவேற்ற வேண்டும். ஆகவே மாதர் சங்கங்களின் கோரிக்கைக் கடிதங்கள் அதற்குச் சில மாதங்கள் முன்னரே சபைக்குச் சேர வேண்டும். ஒதுக்கிய பணம் யாருக்குப் போனது என அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்த பின், இரண்டு வருடங்களுக்கு மேலாக அவை உறுப்பினர்களின்றி இயங்கின. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பின் எமது வட்டாரங்களுக்கு மீண்டும் உறுப்பினர்கள் கிடைத்துள்ளனர். 25 சதவீத ஒதுக்கீட்டினால் பெண்களும் சபைக்குள் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் சிறு தொழிலைப் பற்றிப் பேச வேண்டுமானால், வெளியிலிருந்து யாராவது அவர்களிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் நாம். எமது உம்மாமாருக்கும் ராத்தாமாருக்குமாக அந்த முதல் கடிதத்தை எழுத, உயர்தரப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

க.பொ.த. உயர்தரம், வணிகப் பிரிவு