சூளைத் தூசா, பீடிப் புகையா?

பீங்கான் தொழிலில் ஈடுபட்டுள்ள குடும்பத்தினர் எம்மிடம் அடிக்கடி கேட்பது இது: "நெஞ்சு கெட்டதற்குத் தூசுதானே காரணம்? பீடியின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்?" வினா நியாயமானதே. விருத்தாசலத்தில் மட்டும் எழுந்த ஐயமும் அன்று.

சென்ற நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் பெருகியபோது, தார்ச்சாலைகளையும் மோட்டார் வண்டிப் புகையையும் பலர் ஐயுற்றனர். மருத்துவர் ரிச்சர்ட் டால் அவர்களுள் ஒருவர். அவரும் புள்ளியியல் அறிஞர் பிராட்ஃபோர்ட் ஹில்லும் இலண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயுற்ற 649 ஆண்களையும், அவர்களை ஒத்த வயதினராய் வேறு நோய்களுக்காக வந்திருந்த 649 ஆண்களையும் ஒரே வினாக்களால் விசாரித்தனர். புகையே பிடிக்காதவர்கள் முதற்குழுவில் 2 பேர். மற்றதில் 27 பேர். நாள்தோறும் பிடித்த அளவு கூடக்கூட நோயும் கூடியது. 1950இல் இம்முடிவு வெளிவந்தது. அதற்கு முன்பே டால் சிகரெட்டைக் கைவிட்டிருந்தார்.

"அது சிகரெட், நாங்கள் பிடிப்பது பீடி" என்பர் சிலர். அதற்கு விடை நம் பக்கத்து மாவட்டத்திலேயே உண்டு. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு மருத்துவர் கஜலட்சுமி குழுவினர் ஒப்பிட்டனர். டாலுடன் நெடுங்காலம் பணியாற்றிய ரிச்சர்ட் பீட்டோவும் அக்குழுவில் இருந்தார். 2003இல் வெளியான அந்த ஆய்வின்படி, புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. புற்றுநோயை மட்டுமே அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் புகையின் பெருங்கொலைக் கருவி காசநோயே என்பது எம் கருத்து.

தூசு குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. மண்ணையும் கல்லையும் அரைக்கையில் பறக்கும் சிலிக்கா, நுரையீரலைத் தழும்பாக்கிச் சிலிக்கோசிஸ் நோயைத் தரும், காசநோய்க்கும் வழிவிடும், புற்றுநோயும் விளைவிக்கும். தூசில் உழைப்பவர் புகையும் பிடித்தால் ஒரே நுரையீரல் இரு சுமைகளைத் தாங்க நேர்கிறது. எனவே பட்டறையில் உலர்ந்த பெருக்கலைத் தவிர்த்து ஈரத்துணியால் துடையுங்கள். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

"இத்தனை ஆண்டு பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன?" என்போருக்கு: பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டாலின் குழு, 50 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 6 ஆண்டுகளும், 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டுகளும் ஆயுள் கூடப் பெற்றதைக் கண்டது. விட உதவி வேண்டுவோர் 1800 112 356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.