கண்ணீர்த்துளி டிரெய்லர்: ஒட்டுப்பலகையில் உருவாகும் பயண வீடு

தனக்கென எஞ்சின் இல்லாமல், காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் வண்டி டிரெய்லர் எனப்படும். இவ்வகை வண்டிகளுள், இருவர் படுத்துறங்க ஓர் அறையும் அதன் பின்புறத்தில் மூடி திறந்து பயன்படுத்தும் சிறு சமையல் மேடையும் கொண்டு, முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் சரிந்தும் அமைந்த சிறிய வண்டியை அமெரிக்கர்கள் அதன் தோற்றம் கருதிக் கண்ணீர்த்துளி டிரெய்லர் என்கின்றனர். 1930களில் பாப்புலர் மெக்கானிக்ஸ் போன்ற இதழ்கள் இதன் வரைபடங்களை வெளியிடத் தொடங்கியதால், சாதாரணத் தச்சுக் கருவிகள் உள்ளவர்கள் வீட்டிலேயே இதைக் கட்டினர். பின்னர் பெரிய வண்டிகளின் வரவால் மங்கிய இக்கலை, 1990களில் புத்துயிர் பெற்றது.

இவ்வண்டியின் அளவைத் தீர்மானிப்பது ஒட்டுப்பலகையே ஆகும். மெல்லிய மர ஏடுகளை, ஒன்றன் நார் அடுத்ததன் நாருக்குக் குறுக்காக அமையும்படி அடுக்கி ஒட்டுவதால், ஒட்டுப்பலகை தனி மரத்தைப் போல எளிதில் பிளப்பதோ சுருங்கி விரிவதோ இல்லை. அது 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையதாகக் கிடைப்பதால், பக்கச் சுவர் ஒவ்வொன்றையும் ஒரே பலகையிலிருந்து அறுத்துவிடலாம். இரு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிவைத்துச் சேர்த்தே இழைத்தால் இரு சுவர்களின் வளைவும் பிசகாமல் ஒத்திருக்கும்.

இரும்புச் சட்டகத்தின் மேல் தளத்தைப் பொருத்தி, சுவர்களை நிறுத்தி, அவற்றைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பின், ஏறத்தாழ 3 மி.மீ. கனமுள்ள பலகை கூரையாக வளைக்கப்படுகிறது. மேலேட்டின் நார் வண்டியின் அகலவாக்கில் ஓடுமாறு வைத்தால் பலகை எளிதாக வளையும். நீளவாக்கில் வைத்தால் முரண்டு பிடித்து முறியவும் கூடும். கடினமான பகுதி, சமையல் மேடையை மூடும் பின்மூடியே. வளைத்து ஒட்டிய பலகை மீண்டும் நிமிர முயல்வதால், உள்ளிருக்கும் வளைசட்டங்கள் வலுவற்றவையாக இருந்தால், மூடியின் கீழ்விளிம்பு உடலோடு பொருந்தாமல் வெளியே தள்ளி நிற்கும். ஆகவே மெல்லிய மரப்பட்டைகளைப் பசையிட்டு, வளைந்த நிலையிலேயே காயவைத்து அச்சட்டங்களை உருவாக்குகின்றனர்.

மர வண்டியின் முதற்பகை நீர். பலகையின் வெட்டுமுனை நீரை விரைந்து உறிஞ்சுவதால், விளிம்புகளுக்கும் திருகாணித் துளைகளுக்கும் எபாக்சி என்னும் பிசினைப் பூசி அடைப்பது இன்றியமையாதது. கூரையின் மேல் போர்த்தும் அலுமினியத் தகடு வெயிலில் மரத்தைக் காட்டிலும் மிகுதியாக விரிவதால், அதை முழுப்பரப்பிலும் ஒட்டாமல் விளிம்புகளில் மட்டும் பிடித்து நிறுத்துவோர் உண்டு. மழை மட்டுமன்றி, உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவியும் குளிர்ந்த சுவரில் துளிகளாகப் படிந்து மரத்தை ஊறவைக்கும் என்பதால், காற்றுப்போக்கிகள் கட்டாயம் வேண்டும்.

இவை அனைத்தையும் விட உயிரோடு தொடர்புடையது எடைப் பங்கீடு. டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கியை அழுத்தும் எடை, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். அதாவது 450 கிலோ எடையுள்ள வண்டிக்கு 45 முதல் 68 கிலோ வரை. சமையல் மேடையில் அடுப்பு, தண்ணீர், பாத்திரங்கள் ஆகியவற்றை நிறைத்துப் பின்பாரம் கூடிவிட்டால், முன்முனை இலேசாகி, வேகம் கூடும்போது வண்டி இருபுறமும் ஆடத் தொடங்கிக் காரையும் நிலைகுலையச் செய்யும். எனவே அச்சு பெரும்பாலும் நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளியே பொருத்தப்படுகிறது.

தச்சுவேலை எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும், பொருள்களை ஏற்றி முன்முனை எடையை நிறுத்துப் பார்க்காமல் எந்த டிரெய்லரையும் சாலையில் இறக்கலாகாது.