முதியோரின் புதுத் தலைவலியும் கண்ணொளியும்

இலஞ்சியிலும் சுற்றுப்புறங்களிலும் சாரல் தொடங்கிவிட்டால் தலைவலிக்குக் காரணம் தேடி எவரும் அலைவதில்லை. அருவியில் தலை கொடுத்தோம், நீர் கோத்துக்கொண்டது என்று சொல்லிச் சுக்கை உரைத்துப் பற்றிட்டுப் படுத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது குணமாகியும் விடுகிறது. ஆயினும் 50 வயதைக் கடந்தவர்க்கு, அதிலும் 70ஐ எட்டியவர்க்கு, முன்பு அறியாத ஒரு தலைவலி புதிதாகத் தோன்றி நாட்கணக்கில் நீடிக்குமாயின், பற்றுடன் நின்றுவிடலாகாது. கண்ணைப் பறிக்கும் வியாதியொன்று அதன் பின்னே மறைந்திருக்கக்கூடும். அறுந்த இழையைத் தேடி முடியும் நெசவாளர்க்கும், இருட்டில் மடை திருப்பும் விவசாயிக்கும் பார்வையே முதல். ஆகவே இதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

மருத்துவர்கள் இந்நோயை ‘ஜயண்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ்’ என்பர். ராட்சத அணுத் தமனி அழற்சி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நோயுற்ற தமனியின் சுவரை உருப்பெருக்கியில் நோக்கினால் உட்கரு பல கொண்ட பெரிய அணுக்கள் தென்படுவதால் இப்பெயர் வந்தது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தமனிச் சுவரைத் தாக்குகிறது; சுவர் வீங்க, உட்துவாரம் சுருங்குகிறது. இருகரையும் உள்ளே சரிந்த வாய்க்காலில் கடைமடைக்கு நீர் எட்டுமா? கண் நரம்பு அத்தகைய கடைமடை. இரத்தம் எட்டாதபோது அது பட்டுப்போகிறது.

வலி பெரும்பாலும் நெற்றிப்பொட்டில் தோன்றும். அங்குள்ள தமனி கயிறுபோல் தடித்து, தொட்டால் நோகும். தலைவாரச் சீப்பு வைக்க முடியாது. தலையணையில் அப்பக்கம் சாய முடியாது. 1890இல் இங்கிலாந்தில் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தொப்பி அணிய இயலாதபடி நெற்றிப்பொட்டு வலித்த ஒரு முதியவரைப் பற்றி எழுதிவைத்தார். நம்மவராயின் தலைப்பாகை கட்ட முடியவில்லை என்பார்.

இன்னொரு குறி, தாடை. சோற்றை நாலு கவளம் மெல்லுவதற்குள் தாடை களைத்து வலிக்கும், நிறுத்தினால் தணியும். இதைப் பல்வலி என்று எண்ணிப் பல்லைப் பிடுங்கிக்கொள்பவரும் உண்டு. ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காலையில் தோளும் இடுப்பும் இறுகிக் கைதூக்க இயலாமை காணும். தறியில் உட்கார்ந்த அசதி என்று அதனையும் ஒதுக்கிவிடுகிறோம். இளங்காய்ச்சல், பசியின்மை, மெலிவு ஆகியவையும் சேரலாம். எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது, ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் சில நிமிடம் இருண்டு மீள்வது, அல்லது ஒன்று இரண்டாகத் தெரிவது. கண்புரையாயிருக்கும், அடுத்த கண் முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருத்தல் பெருந்தீங்கு. புரை மெல்ல மெல்ல மறைக்கும், திடீரென்று இருட்டாது. இந்நோயால் இழந்த பார்வை அநேகமாகத் திரும்புவதில்லை. ஒரு கண் போனபின் சிகிச்சையின்றி இருந்தால், மற்றதும் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ போகலாம்.

இது பெண்களையே மிகுதியாகப் பற்றும். வடஐரோப்பாவில் 50 வயதுக்கு மேற்பட்டோர் ஒரு லட்சம் பேரில் ஆண்டுதோறும் சுமார் 20 பேருக்கு வருகிறது. நம் நாட்டில் அரிதே. இங்கு மருத்துவர்கள் மிகுதியும் காண்பது இதன் தங்கை போன்ற டகயாசு நோய். அது இளம்பெண்களின் பெருந்தமனியைப் பற்றிக் கைநாடியை மங்கச் செய்வது. அரிதென்பதாலேயே முன்னது நினைவுக்கு வராமல் தப்பிவிடுகிறது.

பரிசோதனை எளிது. இரத்தத்தைக் குழாயில் நிறுத்தி ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எவ்வளவு படிகிறது என்று பார்க்கும் இ.எஸ்.ஆர். பலருக்கு 50ஐத் தாண்டும். சிலருக்கு 100ஐயும் தாண்டும். சி.ஆர்.பி. என்ற சோதனையும் உடன் செய்வர். உறுதிப்படுத்த, நெற்றிப்பொட்டுத் தமனியில் சிறுதுண்டெடுத்துப் பார்ப்பர், அல்ட்ராசவுண்டும் உதவும். அழற்சி இடைவிட்டு இடைவிட்டுப் படர்வதால், துண்டில் ஒன்றும் இல்லையென்பது கொண்டு நோயே இல்லையெனல் ஆகாது.

ஐயம் வலுத்தால் அம்முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கவேண்டும். தென்காசியிலிருந்து திருநெல்வேலி 50 கிலோமீட்டருக்கும் மேல். மருத்துவர் முதல் மருந்தை இங்கேயே கொடுத்து அனுப்பினால் அது நோயாளிக்கு நன்மையே. மருந்து தொடங்கி ஓரிரு வாரத்துக்குள் துண்டெடுத்தாலும் அடையாளம் அழிந்துவிடுவதில்லை.

மருந்து ஸ்டீராய்டு. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் கார்ட்டிசோன் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதல் கொடுக்கப்பட்டது. அதே மருத்துவமனையின் ஹார்ட்டன் 1932இல் இத்தமனி நோயை விவரித்திருந்தார். இப்போது பிரெட்னிசலோன் மாத்திரை நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை மருத்துவர் தொடங்குவார். பார்வை தாக்கப்பட்டிருந்தால் ஊசிவழி அதிக அளவில் செலுத்துவார். ஓரிரு நாளில் தலைவலி வியக்கும்படி அடங்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வலி போயிற்று, மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். ஓராண்டு, ஈராண்டு வரை சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டிய மருந்து இது. திடீரென நிறுத்தினால் நோய் திரும்புவதுடன் உடலும் தளர்ந்து ஆபத்துண்டாகும். டோசிலிசுமாப் என்னும் ஊசிமருந்து 2017இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. ஸ்டீராய்டைக் குறைக்க உதவும், விலையோ மிகுதி.

ஸ்டீராய்டு சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், பதுங்கிய காசநோயைக் கிளப்பும். ஆகையால் நீரிழிவுள்ள அங்கத்தினர் அதனை முதலிலேயே மருத்துவரிடம் தெரிவித்துச் சர்க்கரையை அடிக்கடி அளந்துகொள்ளவேண்டும். கால்சியமும் டி வைட்டமினும் அவர் எழுதித் தருவார். வேறு எந்த வைத்தியத்துக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, இம்மாத்திரை உண்பதைச் சொல்லிவிடவேண்டும். மாத்திரைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நலம்.